சின்னக் கைகளின் பண்டிகை: வாசகர் கேள்வி பதில்

மார்கழி பிறந்ததும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பண்டிகையைப் பற்றித்தான். கிரெச்சில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள், ஒரு தாத்தா என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். நான் 1989-ல் லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பாலவாடியில் டீச்சராகச் சேர்ந்தவள். இப்போது திருச்சி உறையூரில், ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை உள்ள பன்னிரண்டு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

எங்கள் கிரெச்சில் 14 குழந்தைகள். எல்லோரும் மூன்று வயதுக்குக் கீழே. பொங்கலுக்கு ஒவ்வொரு குழந்தையும் பஞ்சு ஒட்டிய மாடு ஒன்றும் காகிதப் பானை ஒன்றும் செய்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்கிறார் உரிமையாளர். குழந்தைகள் இரண்டு நிமிடம்கூட உட்காருவதில்லை. போன வருடம் எல்லாவற்றையும் நானே ராத்திரி உட்கார்ந்து ஒட்டினேன். இந்த வருடம் என்ன செய்யட்டும் அக்கா?
– வாசகி, கரூர்

தங்கச்சி, அந்தப் பதினான்கு மாடுகளை இனி ஒட்ட வேண்டாம். உங்கள் தூக்கம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மாட்டால் குழந்தைக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. ஒரு பொருளைச் செய்து முடித்து ‘இது நான் செய்தது’ என்று காட்டுவது மூன்றரை, நான்கு வயதில் மெல்ல வருகிற ஆசை. இரண்டு வயதின் வேலை வேறு. ஊற்றும், அள்ளும், கிழிக்கும், தட்டும், இழுக்கும். அதையே மறுபடியும் மறுபடியும் செய்யும். பொங்கலைப் போல இவ்வளவு ஊற்றவும் அள்ளவும் தட்டவும் இடம் கொடுக்கிற பண்டிகை நமக்கு வேறு இல்லை.

நான் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் ஆரம்பிப்பேன். முதல் மூன்று நாள் அரிசி மட்டும்தான். பழைய நூல் புடவையை நான்காக மடித்துத் தரையில் விரிப்பேன். நான்கு குழந்தைக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு அகலத் தாம்பாளம். கையில் கொடுப்பது படி, உழக்கு, ஆழாக்கு. இந்த அளவைகளை எங்கள் அம்மா வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வந்தேன். பாத்திரக் கடையில் இன்னும் கிடைக்கின்றன. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. குழந்தைக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஆனால் சின்னதில் அள்ளி அள்ளிப் பெரியதில் ஊற்ற, பெரியது நிறைந்து வழிகிறது. பெரியதைச் சின்னதில் கவிழ்த்தால் எல்லாம் வெளியே கொட்டுகிறது. அந்த முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ‘கொட்டிப்போச்சு’, ‘நிறைஞ்சிடுச்சு’, ‘இன்னும்’, ‘போதும்’ என்று நான்கைந்து சொற்களை அந்தந்த நேரத்தில் நாம் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், மூன்றாம் நாள் அவர்கள் சொல்வார்கள். இரண்டே காலாகியும் வாய் திறக்காத ஒரு பையன் என்னிடம் இருந்தான். அவன் முதலில் தெளிவாகச் சொன்ன சொல் ‘கொட்டி’.

உட்காரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்காதீர்கள். நான்கு பேர் அரிசியில் இருக்கட்டும், மற்றவர்கள் ஆயாவோடு வெளியே ஓடட்டும். ஐந்து நிமிடத்தில் ஒருவன் எழுந்து போனால் போகட்டும், வேறொருத்தி வருவாள். நாளைக்கும் அதே தாம்பாளம் அதே இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவனே வந்து உட்காருவான். தினம் ஒரு புது ‘ஆக்டிவிட்டி’ வைக்கும்போது இந்த நம்பிக்கை வருவதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. எதையும் வாயில் வைக்கிற வயதில் இருப்பவர்களுக்கு அரிசி வேண்டாம். அரிசி மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டையாகக் கொடுங்கள். மற்றவர்களுக்கும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருந்தால்தான் அரிசி. மூக்குக்குள் போட்டுப் பார்க்கிற குழந்தை எல்லாக் கிரெச்சிலும் உண்டு.

நான்காம் நாள் கோலம். பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவைத் தண்ணீராகக் கரைத்து, ஒரு துணித் துண்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். முற்றத்துச் சிமெண்ட் தரையில் அவர்கள் இழுப்பதுதான் கோலம். ஈரத்தில் ஒன்றும் தெரியாது. வெயிலில் காயக் காய வெள்ளையாக எழும்பி வரும். ‘எங்கே போச்சு? இதோ வந்துடுச்சு’ என்று அவர்களோடு சேர்ந்து நீங்களும் ஆச்சரியப்படுங்கள். கடையில் விற்கும் கல் கோலமாவும் கலர்ப்பொடியும் வேண்டாம். அந்தத் தூசி மூச்சில் போகும், கை கழுவும் முன்பே வாய்க்குப் போகும். நிறம் வேண்டுமென்றால் மஞ்சள் தண்ணீர், பீட்ரூட் தண்ணீர் போதும். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டால் ஆரத்தித் தண்ணீராகச் சிவப்பதை நான் வருடா வருடம் காட்டுவேன். சுண்ணாம்பு மட்டும் என் கையை விட்டுப் போகாது. கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

அப்புறம் மஞ்சள் கொத்து. இலையைக் கசக்கி முகரக் கொடுங்கள். கரும்பை முழுசாகத் தரையில் கிடத்துங்கள். நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பார்ப்பார்கள். கணுவைத் தடவுவார்கள். சோகை, அதாவது கரும்பின் நீண்ட இலை, கையை அறுக்கும், அதை முதலிலேயே வெட்டிவிட வேண்டும். கடித்துத் தின்னக் கொடுக்காதீர்கள். சக்கையைத் துப்பத் தெரியாத வயது, தொண்டையில் சிக்கும். கரும்புச் சாற்றை ஒரு ஸ்பூன் நாக்கில் விட்டால் போதும்.

போகிக்கு எதையும் எரிக்க வேண்டாம், கொட்டு இருக்கட்டும். சென்னைப் பக்கம் போகி மேளம் என்று சின்னதாக விற்பார்கள். உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் காலி டின்னும் மரக்கரண்டியும் போதும். வேகமாக அடி, மெதுவாக அடி, நிறுத்து. அந்த ‘நிறுத்து’க்குக் கையை நிறுத்துவது இந்த வயதில் எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? மாட்டுப் பொங்கலை விடுமுறைக்கு முன்பே கொண்டாடிவிடுங்கள். பிளாஸ்டிக் மாடு, யானை, நாய் எல்லாவற்றையும் ஒரு பேசினில் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டித் துடைத்துப் பொட்டு வைக்கட்டும். தெருவில் பால்காரர் மாடு இருந்தால் கூட்டிப் போய்த் தூரத்திலிருந்து காட்டுங்கள்.

கடைசி நாள் பானை. அடுப்புக்கு எட்டடி தள்ளிக் கயிறு கட்டி, அந்தப் பக்கம் எல்லோரையும் உட்கார வையுங்கள். பால் மெல்ல மேலே வருவதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ‘வருதா? இல்லை. வருதா? இதோ...’ பொங்கி வழிந்ததும் எல்லோரும் சேர்ந்து ‘பொங்கலோ பொங்கல்’. ஒன்றரை வயதுக்காரி ‘பொங்!’ என்றாலும் அது முழுச் சொல்தான்.

உரிமையாளருக்கு என்ன சொல்வது என்றுதானே? வீட்டுக்கு ஏதாவது போக வேண்டும் என்று அவர் நினைப்பதில் தவறில்லை. நாள் முழுக்கப் பிள்ளையைப் பிரிந்திருக்கிற அம்மாவுக்கு ஒரு துண்டாவது கையில் வேண்டும். மாட்டுக்குப் பதில் ஒரு சீட்டு அனுப்புங்கள். ‘இன்று ஆழாக்கில் அரிசி அள்ளி ஊற்றினாள். “இன்னும்” என்று ஏழு முறை சொன்னாள். வீட்டில் ஒரு டம்ளரும் கிண்ணமும் கொடுத்துப் பாருங்கள்.’ இப்படி மூன்று வரி. ஒரு வாரம் செய்து பாருங்கள், அம்மாக்களே உரிமையாளரிடம் பேசுவார்கள். என்னிடம் அப்படித்தான் நடந்தது.

கிருஷ்ண ஜெயந்திக்கு டே கேரில் கிருஷ்ணர் வேஷம் போட்டு அனுப்பச் சொன்னார்கள். கிரீடத்தைத் தலையில் வைத்ததுமே என் இரண்டு வயது மகன் அழுது புரண்டான். மற்றக் குழந்தைகள் எல்லாம் போட்டுக்கொண்டார்கள். இவனுக்கு மட்டும் ஏதாவது குறையா?
– வாசகி, அம்பத்தூர்

ஒரு குறையும் இல்லை. ஜரிகை குத்தியிருக்கும், கிரீடம் இறுக்கியிருக்கும், வழக்கமான முகங்கள் எல்லாம் மைபூசி மாறியிருந்திருக்கும். அவனுக்குத் தெரிந்த வழியில் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறான்.

அடுத்த வருடம் வேஷத்துக்குப் பதில் பாதம் கேளுங்கள். முஷ்டியை மாவில் தோய்த்துக் கண்ணன் பாதம் வைக்கிறோமே, அதைக் குழந்தையின் சொந்தக் காலாலேயே வைக்கலாம். தட்டில் அரிசி மாவுக் கரைசல், அதில் காலை வைத்து எடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே நான்கு அடி. ஈரத் தரை வழுக்கும், அக்குளுக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு அடி நடந்ததும் அவன் திரும்பிப் பார்ப்பான். குனிந்து, தன் காலைத் தூக்கிப் பார்த்து, மறுபடி தரையைப் பார்ப்பான். அந்தச் சுவடு தன்னுடையது என்று அவனுக்குத் தெரிகிற நேரம் அது.

தீபாவளிக்கு முன்னால், வெடிச் சத்தம் பழகட்டும் என்று எங்கள் கிரெச்சில் ஸ்பீக்கரில் பட்டாசுச் சத்தம் போட்டார்கள். என் மகளுக்கு ஒரு வயது பத்து மாதம். அன்றிலிருந்து மிக்ஸி ஓடினால்கூட அலறுகிறாள். அடுத்த வருடம் என்ன சொல்லித் தடுப்பது? தீபாவளி நேரத்தில் இந்த வயதுக்கு என்னதான் செய்யலாம்?
– வாசகி, மதுரை

படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருந்தது. நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று தெரியாத சத்தத்தைக் குழந்தைகள் பழகிக்கொள்ள மாட்டார்கள், பயந்துகொள்வார்கள். சத்தத்தை அவள் கையில் கொடுங்கள். மிக்ஸி சுவிட்சின் மேல் அவள் விரல், அதன் மேல் உங்கள் விரல். ‘போடலாமா?’ என்று கேட்டு, ஒரு நொடி போட்டு, அவளையே நிறுத்தச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தினம் ஒரு தடவை போதும். என்னிடம் இருந்த ஒரு பெண்ணுக்கு இப்படி மூன்று வாரத்தில் சரியானது.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கேட்பதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரமும் அவளை உள்ளறையில் மடியில் வைத்துக்கொண்டு, ‘அது வெடி. டமால். முடிஞ்சுபோச்சு’ என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி முடித்து வையுங்கள்.

கிரெச்சில் செய்ய அகல் விளக்கு இருக்கிறதே! மண் அகலைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். புது அகல் தண்ணீரை உறிஞ்சும், நிறம் மாறும், மண் வாசனை வரும். தீபாவளியில் ஆரம்பித்தால் கார்த்திகை தீபம் வரை ஓட்டலாம். பஞ்சைப் பிய்த்துத் திரி உருட்டுவது விரல்களுக்கு அருமையான வேலை. திரியாக வராது, வர வேண்டியதும் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெருப்புக்குப் பயந்து இப்போது பலரும் பேட்டரி அகல் வாங்குகிறார்கள். தண்ணீர் பட்டால் எரிவதுகூட வந்திருக்கிறது. பலவற்றுக்கு உள்ளே பொத்தான் பேட்டரிதான். அடிமூடி ஸ்குரூ இல்லாமல் வெறுமனே அழுத்தி மூடியிருந்தால், கீழே போட்டதும் திறந்துகொள்ளும். அந்தப் பேட்டரியை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என் கிரெச் வாசலைத் தாண்டி அந்த விளக்கு வராது. உயரத்தில் மாட்டிய நிஜ விளக்கு எனக்கு அதைவிடத் தேவலை.

நவராத்திரிக்கு எங்கள் பிளே ஸ்கூலில் ஐந்து படி கொலு வைக்கிறோம். சின்னக் குழந்தைகளைக் கிட்டேயே விட முடியவில்லை. எல்லாவற்றையும் இழுக்கிறார்கள்.
– ஆசிரியை, நாமக்கல்

இழுக்கத்தான் செய்வார்கள். மேலே நான்கு படி உங்களுக்கு, கீழ்ப்படி அவர்களுக்கு என்று பிரித்துவிடுங்கள். அந்தக் கீழ்ப்படியில் உடையாத மரப்பாச்சி, துணிப் பொம்மை, மரச் சொப்பு. தினம் அவர்களே எடுத்து, அவர்களே திரும்பி வைக்கட்டும். செட்டியார் கடையை அவர்களுக்கு விட்டுவிடலாம், பருப்பும் மிளகும் இல்லாமல். உருளைக்கிழங்கு, எலுமிச்சை, முழுத் தேங்காய் வைத்தால் அருமையாக வியாபாரம் நடக்கும்.

சுண்டல் விஷயத்தில் கவனம். முழுக் கொண்டைக்கடலை, வேர்க்கடலை இரண்டும் இந்த வயதுத் தொண்டைக்கு ஆகாது. பாசிப்பயறைக் குழைய வேகவைத்து மசித்து, தேங்காய் தூவிக் கொடுங்கள். விஜயதசமி அன்று அரிசியில் ‘அ’ எழுத வைப்பதைச் சந்தோஷமாகச் செய்யுங்கள். மறுநாள் சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொல்ல மட்டும் வேண்டாம்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் கொடுக்கலாமா? பேத்தி எல்லாவற்றையும் வாயில் வைப்பாள்.
– தாத்தா ஒருவர், கும்பகோணம்

ஐயா, களிமண்ணைப் போல நல்ல பொருள் கிடையாது. குயவர் வீட்டில் சலித்துப் பிசைந்த மண்ணாக வாங்கிக்கொள்ளுங்கள். கல்லும் கண்ணாடித் துண்டும் இருக்காது. தட்டட்டும், குத்தட்டும், கிள்ளட்டும். துளி வாய்க்குப் போனால் அவளே துப்புவாள்.

எனக்குப் பயம் மண்ணில் இல்லை, பிள்ளையாரின் கண்ணில்தான். குன்றிமணி. அது உடைந்தோ மென்றோ உள்ளே போனால் கொடிய விஷம். பல வருடங்களுக்கு முன்னால் பாலவாடியில், சிவப்பும் கறுப்புமாக மின்னுகிற அதை ஒரு பெண் குழந்தை பிள்ளையார் முகத்திலிருந்து பிடுங்கி மூக்கில் செருகிக்கொண்டாள். எடுத்துவிட்டார்கள், குழந்தை நன்றாக இருந்தாள். ஆனால் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை என் மடியில் அவள் உட்கார்ந்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் பிள்ளையாருக்குக் கண் இரண்டும் விரலால் குத்திய குழிதான். எருக்கம்பூ மாலையும் வேண்டாம், அந்தப் பால் கண்ணில் பட்டால் கெடுதல். அரளியும் விஷம். அருகம்புல்லைப் பேத்தி கையால் பிடுங்கச் சொல்லுங்கள், அதுவே பெரிய பூஜை அவளுக்கு.

மூன்று வயதுக்குள் உள்ளவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர் அகலமான குழாய் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற எதையும் அந்த வயதில் கொடுக்கக் கூடாது. அந்த அளவில் ஒரு மாத்திரை டப்பாவை நான் எப்போதும் மேஜையில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும்.

பனியன் கம்பெனி கிரெச்சில் வேலை செய்கிறேன். 18 குழந்தைகளில் 7 பேர் ஒடிசா, 4 பேர் பீகார். பொங்கல் அவர்களுக்குத் தெரியாதே, அவர்களை என்ன செய்வது? அந்த அம்மாக்களோடு பேச எனக்கு இந்தியும் அவ்வளவாக வராது.
– வாசகி, திருப்பூர்

பொங்கல் என்ற பெயர்தான் அவர்களுக்குப் புதிது தங்கச்சி, நாள் புதிதில்லை. அதே தை முதல் நாளையொட்டி அவர்கள் வீட்டில் மகர சங்கராந்தி. பீகாரில் அன்றைக்குத் தயிரும் அவலும், எள்ளு உருண்டையும். ஒடிசாவில் மகர சௌளா என்று புது அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம், தேங்காய், வாழைப்பழம், பால் எல்லாம் சேர்த்துப் பிசைந்து சாமிக்கு வைப்பார்கள். புது அரிசி, வெல்லம், பால். நம் பானையில் இருப்பதும் அதுதானே.

அதனால் அரிசித் தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரையும் ஒன்றாகவே உட்கார வையுங்கள். பொங்கலுக்கு முந்தின நாள் அவலை ஊறவைத்து, தயிரும் வாழைப்பழமும் குழந்தைகளே பிசையட்டும். கைதான் கரண்டி. அவல் நன்றாக ஊறி மெத்தென்று ஆகியிருக்க வேண்டும். பீகார்க் குழந்தைக்கு அது வீட்டு ருசி, நம் குழந்தைக்கும் பழகிய ருசி. எள்ளு உருண்டை கெட்டியாக இருக்கும், அது பெரியவர்களுக்கு.

மொழி வராது என்று தயங்காதீர்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மாவிடம் அவலையும் தயிரையும் காட்டினாலே முகம் மலர்ந்துவிடும். அவர்களிடம் ஒரு வேலை கேளுங்கள். சாதம், தண்ணீர், அம்மா, வா, போதும், தூக்கம், வலிக்குது என்று ஏழெட்டுச் சொற்களை அவர்கள் மொழியில் சொல்லித் தரச் சொல்லி, தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வலிக்கிறது என்று குழந்தை ஒடியாவில் அழுதால் நமக்குப் புரிய வேண்டும்.

ஆனி, ஆடியில் இன்னொன்று செய்யலாம். பூரி ஜகந்நாதர் தேர் ஒடிசாக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். ஜூனிலோ ஜூலையிலோ வரும். ஆகஸ்ட் தொடக்கத்தில் நம் ஆடிப்பெருக்கு. எங்கள் காவிரிப் பக்கம் அன்றைக்குப் பிள்ளைகள் சின்னச் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். நடக்கப் பழகிய குழந்தைக்குக் கயிறு கட்டி இழுக்கிற எதுவும் பிடிக்கும். செருப்புப் பெட்டியில் கயிறு கோத்து, உள்ளே ஒரு பொம்மையை உட்கார வைத்துக் கொடுங்கள். சக்கரம் வேண்டாம், தரையில் தேய்ந்து வருகிற சத்தமே போதும். கயிறு ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். தேர் மாதத்தில் ஆரம்பித்து ஆடி பதினெட்டு வரை அந்தப் பெட்டிகள் உங்கள் கிரெச்சில் ஓடட்டும்.